மாருத் விமானத்தை வாலிலிருந்து பாருங்கள்

விமானக் காட்சியகத்தில் கூட்டம் எப்போதும் மூக்குப் பக்கம்தான் நிற்கும். செல்ஃபிக்கு அதுதான் வசதி. போர் விமானம் என்றால் கேட்கவே வேண்டாம். பீரங்கிக் குழல் இருக்கும் இடத்தை விரல் நீட்டிக் காட்டுவார்கள், நாலு படம் எடுப்பார்கள், அடுத்த விமானத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். நான் இப்போதெல்லாம் வாலிலிருந்துதான் தொடங்குகிறேன். அதுவும் இந்தியாவில் முதன்முதலாக வடிவமைத்துச் செய்த ஜெட் போர் விமானமான ஹெச்.எஃப்-24 மாருத் என்றால் வேறு எங்கிருந்து தொடங்கினாலும் பாதிக் கதை கைநழுவிவிடும் என்று அடித்துச் சொல்வேன். பின்னால் பக்கம் பக்கமாக இருக்கும் அந்த இரண்டு புகைவாய்களைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்கு வர வேண்டும்.

எனக்கு ஓசூரில் ஷீட்மெட்டல் வேலை. தகடு வளைப்பதும் ரிவெட் அடிப்பதும்தான் பிழைப்பு. விமானம் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி மாமா சொல்லிக் கொடுத்தது. அம்மாவின் தம்பி. எழுபதுகளில் விமானப்படையில் சேர்ந்து, தாம்பரத்தில் பயிற்சி முடித்து, ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடம்பைப் பழுது பார்ப்பவராக, ராஜஸ்தானில் மாருத்தோடு பல வருடம் மல்லுக்கட்டியவர். பெங்களூருவில், மாருத்தைச் செய்த ஹெச்.ஏ.எல். நிறுவனத்தின் காட்சியகமான ஹெரிட்டேஜ் சென்டருக்கு அவரோடு போனால், மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பும் இடத்தில் எங்களுக்கு அரைநாள் ஓடிவிடும். என் பையனும் கூட வருவான். அவனுக்கு இன்னொரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இடம் பழைய விமான நிலையச் சாலையில், மாரத்தஹள்ளிக்குப் பக்கம். 2001இல் திறந்தது. 1940இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய கம்பெனி எப்படி வளர்ந்தது என்று உள்ளே வரிசையாகப் படங்கள். இன்னொரு பக்கம் இன்ஜின்கள். வெளியே புல்வெளியில் விமானங்கள். வருகிறவர்கள் உள்ளே வேகநடை போட்டுவிட்டு வெளியே ஓடுவார்கள், முக்கியமாகக் குழந்தைகளோடு வருகிறவர்கள். முடிந்தால் அதைச் செய்யாதீர்கள். இன்ஜின்களைப் பார்த்துவிட்டு மாருத்திடம் போவதற்கும், நேரே மாருத்திடம் போவதற்கும் நிறைய வித்தியாசம்.

மாருத்தில் இருந்தது ஆர்ஃபியஸ் 703 இன்ஜின். பிரிட்டனில் பிரிஸ்டல் சிட்லி கம்பெனி வடிவமைத்தது, உரிமம் வாங்கி இங்கேயே செய்தார்கள். ஒரு இன்ஜின் சுமார் 2,200 கிலோ உந்துவிசை தரும். புகைவாய்ப் பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் ஆஃப்டர்பர்னர் கிடையாது. அப்படி இரண்டு சேர்ந்தால் 4.4 டன். முழுச் சுமையோடு கிளம்பும் மாருத்தின் எடை கிட்டத்தட்ட 10.9 டன். இதை மொபைல் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம்: பத்து கிலோ எடையைத் தள்ள நாலு கிலோ விசை. சின்னஞ்சிறு நாட் போர் விமானத்தில் இதே குடும்பத்து இன்ஜின் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதன் மொத்த எடையே நாலு டன் சொச்சம் என்பதால் பத்துக்கு ஐந்துக்கு மேல் வந்துவிடும். இன்றைய தேஜஸில் ஒற்றை இன்ஜின் ஆஃப்டர்பர்னரோடு எட்டரை டன் தள்ளுகிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

வந்து பின்னால் நில்லுங்கள். அப்படியே பக்கவாட்டில் நடந்து நடு உடம்பைப் பாருங்கள். உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்திருக்கும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று எகிறும். இறக்கை சேருகிற இடத்தில் உடம்பை ஒடுக்கினால் அந்த எதிர்ப்பு குறையும் என்று ஐம்பதுகளில் கண்டுபிடித்திருந்தார்கள். இன்னும் முன்னால் போனால், விமானியின் அறைக்குப் பின்னால் இருபுறமும் காற்று உள்ளே போகும் வாய். அதில் ஒட்டினாற்போல் ஒரு அரைக்கூம்பு துருத்திக்கொண்டிருக்கும். ஒலியைத் தாண்டிப் பறக்கும்போது வரும் காற்றை இன்ஜினுக்குள் விடுவதற்கு முன் தணிப்பது அதன் வேலை. ஒலியைத் தாண்டாத விமானத்துக்கு அந்தக் கூம்பு வேண்டியதில்லை, ஒலியை நெருங்காத விமானத்துக்கு அந்த இடுப்பும் வேண்டியதில்லை.

ஆக, ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தை நினைத்துச் செய்த உடம்பு. விமானப்படை கேட்டதே அதுதான்: மாக் 2 வேகம், 60,000 அடி உயரம், 800 கிலோமீட்டர் தூரம் போய்த் தாக்கிவிட்டுத் திரும்பும் திறன். அதே விமானம் தாழப் பறந்து தரையையும் தாக்க வேண்டும். இதற்காகத்தான் கர்ட் டாங்க் 1956இல் பெங்களூரு வந்தார். இரண்டாம் உலகப் போரில் பேர்போன ஃபோக்கவுல்ஃப் 190இன் வடிவமைப்பாளர். போருக்குப் பிறகு அர்ஜென்டினாவில் ஜெட் செய்துகொண்டிருந்தவர், தன் ஆட்களோடு இங்கே வந்து சேர்ந்தார். முதலில் அதே வடிவத்தில் மரத்தில் ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்து 1959இல் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். உண்மையான மாருத் முதலில் பறந்தது 1961 ஜூன் 17. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ்.

இன்ஜின்தான் வரவில்லை. ஆஃப்டர்பர்னரோடு கூடிய பெரிய ஆர்ஃபியஸ் ஒன்றை நம்பித்தான் உடம்பை வரைந்திருந்தார்கள். அதை உருவாக்கி முடிக்கும் செலவை யார் ஏற்பது என்பதில் இழுபறியாகி அந்த இன்ஜின் பாதியில் நின்றது. எகிப்தில் உருவாகிக்கொண்டிருந்த இ-300 இன்ஜினை ஒரு மாருத்தில் மாட்டி ஹெல்வானில் சோதித்துப் பார்த்தார்கள், அதுவும் கைகூடவில்லை. இருக்கிற ஆர்ஃபியஸுக்கே ரீஹீட் (ஆஃப்டர்பர்னருக்கு இன்னொரு பெயர்) பொருத்திப் பார்க்கும் முயற்சியில் 1970 ஜனவரி 10 அன்று விமானம் விழுந்து சுரஞ்சன் தாஸ் இறந்தார். பழைய மெட்ராஸ் சாலைப் பக்கமிருந்து காட்சியகத்துக்கு வருகிறவர்கள் சுரஞ்சன் தாஸ் சாலை வழியாகத்தான் பழைய விமான நிலையச் சாலைக்கு இறங்குவார்கள். பெயர்ப் பலகையைத் தினமும் பார்த்தும் அவர் யார் என்று தெரியாத நண்பர்கள் எனக்கு அங்கே உண்டு.

இதுவரை சொன்னதைக் கேட்டால் மாருத் ஒரு தோல்வி என்றுதான் தோன்றும். பல கட்டுரைகளும் அப்படியே முடிக்கின்றன. மாமாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் அவ்வளவுதான். "யாரு சொன்னது தோல்வின்னு? ஒத்த இன்ஜின்ல உருட்டிக்கிட்டு ஊர் திரும்பினவங்ககிட்ட போய்க் கேளு மாப்ள." அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வானத்தில் துரத்திச் சண்டை போடும் விமானமாகப் பார்த்தால் மாருத்துக்கு மூச்சு போதாது. தாழப் பறந்து தரையில் இருப்பதை அடித்துவிட்டு உயிரோடு திரும்பும் விமானமாகப் பார்த்தால் கணக்கே வேறு. காட்சியகத்தில் நிற்கும் எந்தத் தரைத்தாக்கு விமானத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பதைவிட, அடி வாங்கினால் எப்படித் திரும்பும், கீழே இருப்பது விமானிக்கு எப்படித் தெரியும், எதை எங்கே தொங்கவிடலாம் என்று கேட்டால் விமானமே பதில் சொல்லும்.

மூக்கின் இருபுறமும் இரண்டிரண்டாக நாலு துளைகள் இருக்கும். 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள். நாலும் ஒரே நேரத்தில் வெடித்தால் முழு விமானமும் நடுங்கும், அது மாருத்துக்குக் கடைசிவரை தலைவலி. இறக்கைகளுக்கு அடியில் குண்டு தொங்கவிட நாலு பைலான், ஒவ்வொன்றிலும் 1,000 பவுண்டு குண்டு மாட்டலாம். மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால் வயிற்றில் 68 மில்லிமீட்டர் ராக்கெட்டுகள் 50 கொண்ட ஒரு பெட்டி, தேவைப்படும்போது மட்டும் வெளியே இறங்கும். இதைப் பார்க்கக் குனிய வேண்டும். முட்டி வலிக்காரர்கள் மொபைலைக் கீழே நீட்டிப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம், மாமா அப்படித்தான் செய்கிறார். விமானியின் இருக்கை உயரத்தையும் அதற்கு முன்னால் மூக்கு எப்படிக் கீழ்நோக்கிச் சரிகிறது என்பதையும் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். தாழப் பறப்பவனுக்குத் தரை தெரிய வேண்டும். மிக்-27 எங்காவது நின்றால் இதே விஷயம் அதில் இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும், மூக்கே வாத்து அலகாகச் சப்பையாக இறங்கியிருக்கும்.

இரண்டு இன்ஜின் இருந்ததன் அருமை 1971 டிசம்பரில் தெரிந்தது. அந்தப் போரில் லோங்கேவாலா என்றால் ஜெய்சல்மேரிலிருந்து போன ஹன்டர் விமானங்கள்தான் நினைவுக்கு வரும். ராஜஸ்தான் முனையின் மற்ற இடங்களில் 10ஆம், 220ஆம் ஸ்குவாட்ரன்களின் (விமானப்படைப் பிரிவுகளின்) மாருத்கள் நாள்தோறும் தாக்குதலுக்குப் போயின. அடிபட்டு ஒரு இன்ஜின் நின்றும் தளத்துக்குத் திரும்பியவை உண்டு. ஹைட்ராலிக் அழுத்தம் போனால் கட்டுப்பாடு தானாகவே கைவிசைக்கு மாறிவிடும் ஏற்பாடும் இருந்தது. விமானி பிடித்து ஓட்டும் ஸ்டிக் கல்லாகக் கனக்கும், ஆனால் விமானம் பேச்சைக் கேட்கும் என்பார் மாமா. தரையிலிருந்து வந்த சூட்டில் மூன்று விழுந்தன. வானத்தில் எதிரி விமானத்திடம் ஒன்றுகூட விழவில்லை. டிசம்பர் 7 அன்று 220ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்குவாட்ரன் லீடர் கே.கே. பக்‌ஷி பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் ஒன்றையே சுட்டு வீழ்த்தினார். மாருத் விமானிகளுக்கு மூன்று வீர் சக்ரா கிடைத்தது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். மாமா விமானத்தைச் சுற்றி வரும்போது பீரங்கியையோ வாலையோ பார்ப்பதில்லை. பேனல்களைப் பார்ப்பார். ஸ்குரூ தலைகளை. "எதை அடிக்கடி கழட்டியிருக்கான்னு பாருடா, எது தொல்லை குடுத்துச்சுன்னு தெரிஞ்சுரும்." உண்மைதான். சில பேனல்களில் ஸ்குரூ வெட்டு கூர்மையாக இருக்கும். பக்கத்துப் பேனலில் வெட்டின் ஓரம் மழுங்கி, ஸ்குரூ டிரைவர் வழுக்கிய கீறல்கள் தலையைச் சுற்றி அரைவட்டமாகப் பதிந்திருக்கும். காட்சிக்கு வைக்கும்போது மேலே பெயிண்ட் அடித்திருந்தாலும் அந்தக் குழி மேடு மறைவதில்லை. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் கன்னத்தைத் தகட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அந்தப் பேனலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று மாமாவிடம் கேட்டால் ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு கதை.

தொழில்காரனாக எனக்கு ரிவெட் வரிசை. மூக்கிலும் இறக்கையின் முன்விளிம்பிலும் ரிவெட் தலைகள் தகட்டோடு தகடாகச் சமமாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு துளையின் வாயையும் சாய்வாகக் குடைந்து தலையை உள்ளே இறக்கும் வேலை அது. கொஞ்சம் அதிகம் குடைந்தால் தகடு பலவீனமாகிவிடும், குறைந்தால் தலை துருத்தும். அறுபதுகளில், இந்த நாட்டில் இதற்கு முன் ஜெட் போர் விமானம் வடிவமைத்துச் செய்த அனுபவமே இல்லாத பட்டறையில், ஆயிரக்கணக்கில் இதைச் செய்திருக்கிறார்கள். மொத்தம் 147 மாருத். அதில் 18 இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்கள். கண்ணை வரிசையோடு ஓட்டினால் நேர்கோடு பிசகுவதில்லை. இன்ஜின் வராதது அந்தக் கைகளின் குற்றம் இல்லை.

போகிறவர்களுக்கு உதவும் என்று சில விஷயம். திறந்தவெளியில் நிற்கும் விமானங்களை உச்சிவெயிலில் பார்க்காதீர்கள். நிழலே விழாது, தகடு தட்டையாகத் தெரியும், வயதானவர்களுக்குத் தலைசுற்றும். காலையில் கதவு திறந்ததும் அல்லது மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நல்லது. வார விடுமுறை எந்த நாள் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மொபைலில் படம் எடுப்பவர்கள் பக்கத்தில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் மூக்கு பலூனாக உப்பிவிடும். மாருத் 16 மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. நன்றாகப் பின்னால் தள்ளிப் போய் ஜூம் வைத்தால்தான் அந்த ஒடுங்கிய இடுப்பு படத்தில் வரும்.

காட்சிக்கு வைத்த விமானத்தில் கண்ணால் பார்க்கும் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. இதை எந்த ஊர்க் காட்சியகத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன். மேலே இருக்கும் வண்ணம் பெரும்பாலும் பிறகு அடித்தது. வெயிலுக்கும் மழைக்கும் வேறு வழியில்லை. தொங்கும் குண்டுகள் வெறும் ஓடுகள், சில சமயம் உண்மையில் சேர்ந்தே போகாத ஜோடிகளை மாட்டியிருப்பார்கள். புகைவாய்க்குள் எட்டிப் பார்த்தால் பல இடங்களில் இன்ஜினே இருக்காது, ஒரு மூடித் தகடுதான் இருக்கும். டயரில் எடை விழாமல் இருக்க விமானத்துக்கு அடியில் தாங்கு கொடுத்திருந்தால் விமானம் நிற்கும் உயரமே மாறிப்போகும். வாலில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அந்த எண்ணைத் தேடினால் அந்த ஒரு விமானத்தின் சொந்தக் கதை சில சமயம் கிடைக்கும்.

தொடாதீர்கள் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. இறக்கையின் பின்விளிம்பு குழந்தையின் நெற்றி உயரத்தில் இருக்கும், கத்தி மாதிரி வெட்டும். பட்டறையில் தகடு வெட்டித் தையல் போட்டவன் சொல்கிறேன்.

குழந்தைகளிடம் விமானத்தின் வரலாறு சொல்லத் தொடங்கினால் மூன்றாவது நிமிடம் ஐஸ்கிரீம் கேட்பார்கள். நான் பையனுக்கு வேலை கொடுப்பேன். காற்று உள்ளே போகும் இடம், வெளியே வரும் இடம், பெட்ரோல் ஊற்றும் மூடி, விமானி ஏறக் கால் வைக்கும் இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ("பெட்ரோல் இல்லடா, ஏவியேஷன் டர்பைன் ஃப்யூயல்" என்று மாமா ஒவ்வொரு தடவையும் திருத்துவார்.) கண்டுபிடித்து முடித்தால்தான் ஃப்ளைட் சிமுலேட்டர். அதற்குத்தான் அவன் எங்களோடு வருவதே.

கடைசியாக, பெரியவர்களிடம் பேசுங்கள். பெங்களூருவில் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர்களும் ஹெச்.ஏ.எல். ஆட்களும் ஏராளம், தமிழ் பேசுகிறவர்களும் அவர்களில் நிறைய. காட்சியகத்தில் ஒரு விமானத்தின் முன் யாராவது வழக்கத்தைவிட நேரம் நின்றால் தயங்காமல் வணக்கம் வையுங்கள். ஆனால் கேள்வி முக்கியம். "நல்ல விமானமா சார்?" என்று கேட்டால், "ஆமா, அருமையான விமானம்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். "எது அடிக்கடி கெட்டுப்போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். மாமாவிடம் இப்படிக் கேட்டுத்தான் பாலைவன மணல் கதை எல்லாம் கிடைத்தது. இன்ஜின் உறிஞ்சிவிடாதபடி விடியுமுன் ரன்வேயில் வரிசையாக நடந்து கல் பொறுக்கியது, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தது, கோடையில் காற்று சூடாகி லேசாகிவிடுவதால் கனத்த சுமையோடு விமானம் எழும்பவே ரன்வேயின் கடைசிவரை ஓடுவதைப் பார்த்துத் தரையில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எல்லாம். மேலே நான் சொன்ன உந்துவிசைக் கணக்கை அவர்கள் கண்ணாலேயே போட்டிருக்கிறார்கள். "எழும்பிட்டா கவலை இல்ல. எழும்புற வரைக்கும்தான்."

எழுபதுகளின் கடைசியில் ஜாகுவார் தாக்குதல் விமானங்கள் வந்ததும் மாருத்தின் இடம் சுருங்கத் தொடங்கியது. 1990 வாக்கில் எல்லாம் ஓய்வுபெற்றுவிட்டன. பெங்களூருவிலேயே இன்னொன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கிறது. அருகிலேயே கப்பன் பூங்கா இருப்பதால் குடும்பத்தோடு போக அது வசதி. மும்பையில் நேரு அறிவியல் மையத்திலும், டில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்திலும் உண்டு. ஜெர்மனியில் வேலை பார்க்கிறவர்கள் மியூனிக் பக்கத்தில் ஷ்லைஸ்ஹைமில் டாய்ச்சஸ் மியூசியத்தின் விமானக் கூடத்துக்குப் போகலாம். கர்ட் டாங்க் இங்கே வந்து வரைந்த விமானம் ஒன்று அங்கே போய் நிற்கிறது. கூரைக்கு அடியில் என்பதால் அதன் ஸ்குரூ தலைகள் எப்படி இருக்கின்றன என்று யாராவது போனால் படம் எடுத்து அனுப்புங்கள், மாமா கேட்கச் சொன்னார்.